அமெரிக்காவில் பட்டியல் விலையின் வரலாறு

பட்டியல் விலை என்பது ஒரு பொருளைச் செய்யும் நிறுவனம் தன் விலைப்பட்டியலில் அச்சிட்டு வெளியிடும் விலையாகும். பொருள் உண்மையில் கைமாறும் விலை பெரும்பாலும் இதிலிருந்து வேறுபட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1975 வரை, பட்டியல் விலையைக் கடைக்காரர் மீறலாமா கூடாதா என்பது தொடர்ந்து வழக்குக்கும் சட்டத்துக்கும் உரிய பொருளாக இருந்தது. தையல் எந்திரம், ரைபிள் துப்பாக்கி, ஒலிப்பெட்டி, மின்விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, மின் கலவை எந்திரம் ஆகியவை இந்த வரலாற்றின் முதன்மையான பொருட்கள். இவை விலை கூடியவை, நெடுங்காலம் உழைப்பவை, தொழிற்சாலைப் பெயரைச் சொல்லி வாங்கப்படுபவை. விற்றுவிட்ட பொருளின் விலை செய்தவருக்கு உரியதா, விற்பவருக்கு உரியதா என்ற கேள்வி இவற்றைச் சுற்றியே எழுந்தது.

பேரமும் ஒரே விலையும்

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் பேரம் பேசுவதே வழக்கம். பொருளின் மேல் விலை எழுதப்பட்டிருக்காது. அதற்குப் பதிலாகக் கடைக்காரர் வாங்கிய விலையைக் குறிக்கும் இரகசிய எழுத்துகள் சீட்டில் இருக்கும். எழுத்துகள் திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொள்வார்கள். கடைப் பணியாளர் அதைப் படித்து, எவ்வளவு வரை இறங்கலாம் என்று அறிந்துகொள்வார். தமிழ் இலக்கணம் குழூஉக்குறி என்று சொல்வதைப் போன்ற ஏற்பாடு இது.

எல்லோருக்கும் ஒரே விலை என்ற முறை நியூயார்க்கில் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட்டின் துணிக்கடையாலும், பிலடெல்பியாவில் ஜான் வனமேக்கரின் பெருங்கடையாலும் பரவியது. பேரம் பேசுவது நேர்மையற்றது என்று கருதிய குவேக்கர் சமய வணிகர்கள் இதை முன்னரே கடைப்பிடித்தனர். நூற்றுக்கணக்கான பணியாளர்கள் உள்ள கடையில் ஒவ்வொருவரையும் பேரம் பேச விட முடியாது என்ற நடைமுறைக் காரணமும் இருந்தது. ஒரே விலை நிலைபெற்ற பிறகு அந்த விலையை முடிவு செய்வது யார் என்ற கேள்வி எழுந்தது.

கழிவுத் தொடர்

இரும்புக்கடைப் பொருட்களின் வணிகத்தில், துப்பாக்கிகள் உட்பட, விலைப்பட்டியலும் கழிவுத் தாளும் தனித்தனியாக இருந்தன. படங்களுடன் கூடிய தடித்த பட்டியலை அச்சிடுவது செலவு மிக்க வேலை. உலோக விலை மாறும்போதெல்லாம் அதை மறுபடி அச்சிட முடியாது. எனவே பட்டியலில் உயர்ந்த விலையைப் போட்டுவிட்டு, வணிகர்களுக்கு மட்டும் தனியாக ஒரு கழிவுத் தாள் அனுப்பினார்கள். விலை மாற வேண்டுமானால் அந்தத் தாளை மாற்றினால் போதும்.

கழிவு ஒரே எண்ணாகவும் இருக்காது, தொடராக வரும். எடுத்துக்காட்டாக, 20 டாலர் பட்டியல் விலையுள்ள பொருளுக்கு 25, 10, 5 விழுக்காடு என்று கழிவு இருந்தால், முதல் கழிவில் விலை 15 டாலராகவும், இரண்டாவதில் 13.50 டாலராகவும், மூன்றாவதில் ஏறத்தாழ 12.83 டாலராகவும் இறங்கும். மூன்றையும் கூட்டினால் 40 விழுக்காடு போலத் தோன்றும். உண்மையில் 36 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. சிறிய கடைக்கு முதல் கழிவு மட்டும் கிடைக்கும். மொத்த வணிகருக்கு இரண்டு, பெரிய அளவில் வாங்குபவருக்கு மூன்று. ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படிநிலைக்கும் வெவ்வேறு விலை சொல்ல இது உதவியது. கடைக்கு வருபவர் பட்டியலின் படத்தையும் விலையையும் பார்க்கலாம். கழிவுத் தாள் கடைக்காரரின் மேசை அறையை விட்டு வெளியே வராது.

தையல் எந்திரமும் தவணையும்

வீட்டுக்குள் நுழைந்த முதல் விலை கூடிய எந்திரம் தையல் எந்திரம். ஐசக் சிங்கரும் வழக்கறிஞர் எட்வர்ட் கிளார்க்கும் நடத்திய நிறுவனம் 1850களில் ஓர் எந்திரத்தை 100 டாலருக்கு மேல் விற்றது. சாதாரணக் குடும்பம் ஒன்றின் ஆண்டு வருமானத்தில் இது பெரும் பங்கு.

இந்த விலைக்குக் காப்புரிமை ஒரு காரணம். ஊசி, நூல், துணி நகர்த்தும் அமைப்பு என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொருவர் காப்புரிமை வைத்திருந்ததால், யாரும் வழக்கில்லாமல் எந்திரம் செய்ய முடியாத நிலை இருந்தது. 1856-இல் சிங்கர், வீலர் அண்டு வில்சன், குரோவர் அண்டு பேக்கர் ஆகிய நிறுவனங்களும் எலியாஸ் ஹோவும் சேர்ந்து காப்புரிமைகளை ஒரே தொகுப்பாக்கினர். பிறர் எந்திரம் செய்ய வேண்டுமானால் ஒவ்வோர் எந்திரத்துக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டும். தொடக்கத்தில் இது 15 டாலராக இருந்து பின்னர் குறைக்கப்பட்டது. கடைசிக் காப்புரிமை 1877-இல் முடிந்ததும் தொகுப்பு கலைந்தது. புதிய நிறுவனங்கள் வந்தன. விலை விரைவாக இறங்கியது.

1856-இல் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். முன்பணமாகச் சிறு தொகை, பிறகு மாதம் சில டாலர்கள். பணம் முழுதும் தீரும் வரை எந்திரம் வாடகைக்கு விடப்பட்டதாகவே கணக்கு. 1855-இல் 883 எந்திரங்கள் விற்ற நிறுவனம் 1856-இல் 2,564 விற்றது. பட்டியல் விலையைக் குறைக்காமலேயே விற்பனையைப் பெருக்கலாம் என்பதை இது காட்டியது. வாங்குபவர் மொத்த விலையைப் பார்ப்பதை விட்டு மாதத் தொகையைப் பார்க்கத் தொடங்கினார்.

சிங்கர் பொருட்களைச் சம்பளமும் கமிஷனும் பெறும் தன் சொந்த முகவர்கள் வழியாக விற்றது. இடையில் தனி வணிகர் இல்லாததால், விலையை மாற்ற யாரும் இல்லை. பிற நாடுகளுக்கும் இதே முறையை நிறுவனம் கொண்டு சென்றது. இலங்கையில் சிங்கரின் வணிகம் 1877-இல் தொடங்கியது.

வின்செஸ்டரின் விலைப்பட்டியல்

ரைபிள் செய்தவர்களுக்குச் சொந்தக் கடைகள் இல்லை. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் இருந்த வின்செஸ்டர் நிறுவனம் மொத்த வணிகர்களுக்கு விற்றது. அவர்கள் ஊர்தோறும் உள்ள இரும்புக்கடைகளுக்கு விற்றனர். நெம்புகோல் வகை 1873 மாடல் முதலில் 50 டாலர் பட்டியல் விலையுடன் வந்தது. கூலி வேலை செய்பவருக்கு அது பல வார வருமானம். 1880 அளவில் அந்த விலை பாதியாகக் குறைந்தது. ஒரே அளவில் செய்யப்பட்ட உதிரிப் பாகங்களைப் பெருமளவில் உருவாக்கியதும், போட்டி நிறுவனங்களின் வருகையும் இதற்குக் காரணங்கள்.

பட்டியலில் அடிப்படை மாடலுக்கு ஒரு விலை இருக்கும். எண்பட்டைக் குழல், நுட்பமான விசை, கைப்பிடியில் வேலைப்பாடு, உயர்ந்த மரம், செதுக்கு வேலை என்று ஒவ்வொன்றுக்கும் கூடுதல் தொகை தனியே தரப்பட்டிருக்கும். வசதியுள்ளவரிடம் கூடுதலாகப் பெற இது வழிசெய்தது. சோதனையில் மிகத் துல்லியமாகச் சுட்ட குழல்களைத் தனியே எடுத்து, ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பெயர் பொறித்து 100 டாலருக்கு விற்றதும் இவ்வகையே. 1873 மாடலில் இத்தகையவை சுமார் 130 மட்டுமே செய்யப்பட்டன. மற்ற துப்பாக்கிகள் தரம் குறைந்தவை என்ற எண்ணத்தை இது உண்டாக்கக்கூடியது. அந்தத் திட்டம் நீடிக்கவில்லை. மிகச் சிலவே இருப்பதால் இன்று அவை சேகரிப்பாளர்கள் தேடும் அரும்பொருட்கள்.

மொத்த வணிகர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டுத் தம் கழிவின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து விற்றபோது, எல்லோருடைய இலாபமும் சுருங்கியது. இலாபமில்லாத பொருளை எடுத்துக் காட்டக் கடைக்காரர் ஆர்வம் காட்ட மாட்டார் என்று உற்பத்தியாளர்கள் அஞ்சினர். எனவே குறித்த விலைக்குக் கீழே விற்காத மொத்த வணிகர்களுக்கு ஆண்டு முடிவில் ஒரு தொகையைத் திருப்பித் தரும் முறை வந்தது. விலையை உடைத்தவருக்கு அந்தத் தொகை கிடைக்காது. தோட்டா செய்யும் பெரிய நிறுவனங்கள் 1880களில் ஒரு சங்கமாகச் சேர்ந்து தமக்குள் விலையை ஒழுங்குபடுத்திக்கொண்டன. போட்டியைக் கட்டுப்படுத்தும் கூட்டுகளைத் தடுத்த 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்துக்குப் பிறகு இத்தகைய சங்கங்களுக்குச் சட்டத்தின் அச்சம் வந்தது.

அஞ்சல்வழி விற்பனையும் மாற்றுப் பெயர்களும்

இரும்புக்கடைக்காரரின் விலையை முதலில் அசைத்தவை அஞ்சல்வழி நிறுவனங்கள். சிகாகோவில் 1872-இல் மான்ட்கோமரி வார்டும், பின்னர் சியர்ஸ் ரோபக்கும் கிராமத்து வீடுகளுக்கே பட்டியலை அனுப்பின. 1896-இல் தொடங்கிய கிராமப்புற இலவச அஞ்சல் விநியோகமும், 1913-இல் வந்த அரசின் பொதிச் சேவையும் அவற்றுக்குக் கை கொடுத்தன. அதுவரை, தான் கேட்கும் விலை சரியா என்று ஒப்பிட விவசாயிக்கு வேறு கடை இல்லை. இப்போது தையல் எந்திரத்தின் விலையும் துப்பாக்கியின் விலையும் அச்சில் அவர் வீட்டு மேசையில் இருந்தன. ஊர்க் கடைக்காரர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர்.

பெயர் பெற்ற உற்பத்தியாளர்கள் தம் பட்டியல் விலையை அஞ்சல்வழி நிறுவனங்கள் உடைப்பதை விரும்பவில்லை. ஆனால் அவை வாங்கும் அளவையும் விட்டுவிட முடியவில்லை. அதே தொழிற்சாலையில் செய்த பொருளை வேறு பெயரில் விற்பது இதற்குத் தீர்வாக அமைந்தது. சியர்ஸின் கென்மோர் என்ற பெயர் 1913-இல் தையல் எந்திரத்துக்கும் 1927-இல் துணி துவைக்கும் எந்திரத்துக்கும் இடப்பட்டது. அந்தத் துவைக்கும் எந்திரங்களைச் செய்தது, பின்னாளில் வேர்ல்பூல் என்று அறியப்பட்ட நிறுவனம். துப்பாக்கிகளிலும் இதுவே நடந்தது. வின்செஸ்டரின் 94 மாடல், பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் பெயரில் சியர்ஸ் கடைகளில் விற்கப்பட்டது. மாஸ்பெர்க் செய்த துப்பாக்கிகள் மான்ட்கோமரி வார்டில் வெஸ்டர்ன் பீல்டு என்ற பெயரில் விற்கப்பட்டன. ஊர்க் கடையில் பட்டியல் விலை நின்றது. அதே வேலைப்பாடு வேறு பெயரில் குறைந்த விலைக்குக் கிடைத்தது. பெயருக்கு எவ்வளவு, இரும்புக்கும் மரத்துக்கும் எவ்வளவு என்பதைக் கவனமுள்ள வாங்குபவர் இதிலிருந்து கணக்கிட முடிந்தது.

சியர்ஸ் தன் பொருட்களை நன்று, மேல், மிக மேல் என்று மூன்று படிகளாக அடுக்கியது. விளம்பரத்தில் அடிமட்ட மாடலின் விலை பெரிதாக இருக்கும். கடைக்கு வந்தவரை அடுத்த படிக்கு ஏற்றுவது விற்பனையாளரின் வேலை. வீட்டு எந்திர வணிகத்தில், விளம்பரத்துக்காக மட்டும் வைத்திருந்து விற்க விரும்பாத மலிவு மாடலைத் ‘தரையோடு ஆணியடித்தது’ என்று விற்பனையாளர்கள் தமக்குள் சொல்லிக்கொண்டனர்.

துப்பாக்கி நிறுவனம் வீட்டுப் பொருட்களுக்கு வந்தது

முதல் உலகப்போரில் ஆலையைப் பெரிதாக விரிவுபடுத்திய வின்செஸ்டர், போர் முடிந்ததும் காலியான இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. கத்தி, கைக்கருவி, தூண்டில் சாதனம், உருளைச் சறுக்குக் காலணி, கைவிளக்கு என்று பல வீட்டுப் பொருட்களைத் தன் பெயரில் வெளியிட்டது. இவற்றை விற்க மொத்த வணிகரைத் தவிர்த்து, ஊர்தோறும் ஒரு கடைக்காரரைத் தனி முகவராக்கி நேரடியாகப் பொருள் அனுப்பும் திட்டத்தை வகுத்தது. சில நகரங்களில் சொந்தக் கடைகளையும் திறந்தது.

இடைத்தரகர் இல்லாததால் கடைக்காரருக்கு அதிக இலாபமும், நிறுவனத்துக்கு விலைமீது பிடியும் கிடைக்கும் என்பது கணக்கு. ஆனால் அரை நூற்றாண்டாக வின்செஸ்டர் துப்பாக்கிகளை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த மொத்த வணிகர்கள் பகையாயினர். ஒரு மொத்த வணிகர் ஆயிரக்கணக்கான சிறு பொருட்களைச் சேமித்து வைத்து, வேண்டியபோது வேண்டிய அளவு அனுப்பி, கடனும் கொடுத்து வந்தார். அந்தச் செலவு இப்போது நிறுவனத்தின் தலையில் விழுந்தது. 1922-இல் செயின்ட் லூயிஸின் சிம்மன்ஸ் இரும்புப்பொருள் நிறுவனத்தோடு இணைந்தும் நிலைமை சீராகவில்லை. 1931-இல் வின்செஸ்டர் கடன் தீர்க்க முடியாத நிலைக்கு வந்து, ஆலின் குடும்பத்தின் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தால் வாங்கப்பட்டது. மொத்த வணிகரின் கழிவு வீண் செலவு அல்ல, ஒரு வேலைக்கான கூலி என்பதை இந்த முயற்சி காட்டியது.

நீதிமன்றங்களில் விலை

பொருளை விற்ற பிறகும் அதன் விலையைக் கட்டுப்படுத்த உற்பத்தியாளர்கள் பல சட்ட வழிகளைத் தேடினர். ஒரு நாவலின் உள்பக்கத்தில் ஒரு டாலருக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று பதிப்பகம் அச்சிட்டிருந்தது. நியூயார்க்கின் மேசிஸ் கடை அதை 89 செண்டுக்கு விற்றது. புத்தகத்தை விற்ற பிறகு பதிப்புரிமை அதன் விலையைக் கட்டுப்படுத்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இல் தீர்ப்பளித்தது. 1911-இல் டாக்டர் மைல்ஸ் மருந்து நிறுவனத்தின் வழக்கில், மறுவிற்பனை விலையைக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தங்கள் செல்லாது என்று அதே நீதிமன்றம் கூறியது.

விக்டர் ஒலிப்பெட்டி நிறுவனம் வேறு வழியில் முயன்றது. பெட்டியை விற்கவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே கொடுக்கிறோம் என்று ஒவ்வொன்றிலும் அறிவிப்பு ஒட்டியது. முழு விலையும் வாங்கிக்கொண்ட பிறகும் காப்புரிமைக் காலம் முடியும் வரை பெட்டி தனக்கே சொந்தம் என்றது. இங்கும் எதிர்த் தரப்பு மேசிஸ் கடையே. முழுப் பணமும் பெற்ற பிறகு அது விற்பனைதான் என்று 1917-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வழி பலித்தது. மின்விளக்குகளை அது கடைகளுக்கு விற்கவில்லை. 20,000-க்கும் மேற்பட்ட கடைக்காரர்களைத் தன் முகவர்களாக நியமித்து, விளக்குகளை அவர்களிடம் ஒப்படைத்தது. வீட்டுக்காரர் வாங்கும் வரை விளக்கு நிறுவனத்தின் சொத்து. கடைக்காரருக்குக் கமிஷன் மட்டும். தன் பொருளுக்குத் தானே விலை வைப்பது தவறாகாது என்று 1926-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இந்த வழக்குகளில் உற்பத்தியாளர் பக்கத்தில் நியாயம் கண்டவர்களும் இருந்தனர். பெரும் நிறுவனங்களைக் கடுமையாக விமர்சித்த வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைஸ், 1913-இல் எழுதிய கட்டுரையில் நிலையான விலையை ஆதரித்தார். பெரிய கடை ஒரு புகழ்பெற்ற பொருளை நட்டத்துக்கு விற்றுக் கூட்டத்தை இழுத்து, மற்றப் பொருட்களில் ஈடுகட்டிக்கொள்ளும். அந்த ஒரு பொருளையே நம்பியிருக்கும் சிறு கடை அதைத் தாங்காது என்பது அவரது வாதம்.

நியாய வணிகச் சட்டங்கள்

1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் இந்த வாதத்துக்கு வலுவூட்டியது. 1931-இல் கலிபோர்னியா மாநிலம், உற்பத்தியாளர் குறைந்தபட்ச மறுவிற்பனை விலையை ஒப்பந்தத்தால் நிறுவலாம் என்று சட்டமியற்றியது. 1933-இல் அதில் ஒரு விதி சேர்ந்தது. மாநிலத்தில் ஒரே ஒரு கடைக்காரர் கையெழுத்திட்டால் போதும். அறிவிப்புப் பெற்ற மற்ற எல்லாக் கடைகளையும் அந்த விலை கட்டுப்படுத்தும். மருந்துக் கடைக்காரர்களின் சங்கங்கள் இத்தகைய சட்டங்களுக்காகத் தீவிரமாகப் பாடுபட்டன. 1937-இல் மில்லர்–டைடிங்ஸ் சட்டம் இவற்றுக்குக் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து விலக்களித்தது. தனித்து நிறைவேறுவது கடினம் என்பதால் அது தலைநகர வரவுசெலவு மசோதாவுடன் இணைக்கப்பட்டது. அதிபர் ரூஸ்வெல்ட் விருப்பமின்றிக் கையெழுத்திட்டார். 1941 அளவில் 48 மாநிலங்களில் 45-இல் இச்சட்டம் இருந்தது. டெக்சாஸ், மிசூரி, வெர்மான்ட் ஆகியவையும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும் வெளியே நின்றன.

இதன் பெயர் நியாய வணிகம். சிறு கடைக்காரருக்கு அது நியாயம். ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் ரொட்டி வாட்டிக்கும் மின் சலவைப்பெட்டிக்கும் ஒரே விலை கொடுத்த குடும்பத்துக்கு அது கூடுதல் செலவு. நீண்ட தொலைவு சென்று மலிவாக வாங்கும் வாய்ப்பும் பெரும்பாலான மாநிலங்களில் இல்லாமல் போனது.

1951 மே மாதம் ஸ்வெக்மன் வழக்கில், கையெழுத்திடாத கடைகளைக் கூட்டாட்சி விலக்கு கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்றவர் நியூ ஆர்லியன்ஸின் மளிகைக் கடைக்காரர். சில நாட்களில் மேசிஸ் கடை ஏறத்தாழ 6,000 பொருட்களின் விலையை 6 விழுக்காடு குறைத்தது. எதிரே இருந்த கிம்பெல்ஸ் கடையும் குறைக்க, நியூயார்க்கில் விலைப்போர் மூண்டது. சன்பீம் மிக்ஸ்மாஸ்டர் போன்ற மின் கலவை எந்திரங்களுக்குக் கூட்டம் முண்டியடித்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் மெக்குவையர் சட்டத்தை நிறைவேற்றிப் பழைய கட்டுப்பாட்டை மீட்டது.

தள்ளுபடிக் கடைகள்

சட்டம் மீண்டும் வந்தாலும் நடைமுறை திரும்பவில்லை. யூஜின் பெர்க்காஃப் 1948-இல் நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் மாடியில் பெட்டி விற்கும் கடையாக ஈ. ஜே. கார்வெட்டைத் தொடங்கினார். வாடிக்கையாளருக்கு உதவியாக வீட்டு மின்பொருட்களையும் பட்டியல் விலைக்கு வெகு கீழே விற்றார். அலுவலகங்களிலும் ஆலைகளிலும் உறுப்பினர் அட்டைகளை வழங்கி, இது பொதுக் கடையல்ல என்று காட்டினார். உற்பத்தியாளர்கள் அவர்மீது பல வழக்குகள் தொடுத்தனர். அவை அவருக்கு விளம்பரமாயின. கொரியப் போர் வீரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து தொடங்கியதால் இப்பெயர் வந்தது என்ற கதை பரவலாக உண்டு. கடை அந்தப் போருக்கு முன்பே தொடங்கப்பட்டது என்பதால் கதை பொருந்தாது.

மாஸ்டர்ஸ் என்ற மற்றொரு தள்ளுபடிக் கடை, நியாய வணிகச் சட்டம் இல்லாத வாஷிங்டனில் கிளை நிறுவனம் ஒன்றை அமைத்து, அங்கிருந்து நியூயார்க்கர்களுக்கு அஞ்சலில் அனுப்பியது. விற்பனை வாஷிங்டனில் நடந்ததாகவே கொள்ள வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1957-இல் கூறியது. ஆயிரக்கணக்கான கடைகளைக் கண்காணித்து வழக்குப் போட்டுக் களைத்திருந்த ஜெனரல் எலக்ட்ரிக், 1958 பிப்ரவரியில் சிறு வீட்டுப் பொருட்களுக்கான விலைக் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. சன்பீம் உள்ளிட்ட நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

இதன்பின் பட்டியல் விலைக்கு ஒரு புதிய பயன் வந்தது. யாரும் விற்காத உயர்ந்த விலையைப் போட்டு, அதை அடித்து எழுதித் தள்ளுபடியைப் பெரிதாகக் காட்டினார்கள். போலியான பட்டியல் விலையைக் காட்டுவதற்கு எதிராகக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1958-இல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டு, 1964-இல் திருத்தியது. அதிபர் ஜெரால்டு ஃபோர்டு 1975 டிசம்பரில் கையெழுத்திட்ட சட்டம், நியாய வணிகத்துக்கான கூட்டாட்சி விலக்கு முழுவதையும் நீக்கியது.

துப்பாக்கிச் சந்தையின் மாற்றம்

ரைபிள்களின் பட்டியல் விலையைத் தள்ளுபடிக் கடைகளை விட வேறொன்று அதிகம் தாக்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பிய நாடுகள் கழித்த படைத் துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக வந்தன. 1963-இல் சிகாகோ கடை ஒன்றின் அஞ்சல் விளம்பரத்தில் இத்தாலியப் படைத் துப்பாக்கி 12.78 டாலருக்கும், தொலைநோக்கி பொருத்தியது 19.95 டாலருக்கும் கிடைத்தது. அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி இவ்வாறு அஞ்சலில் வாங்கப்பட்டதே. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கிடையே அஞ்சல்வழித் துப்பாக்கி விற்பனையையும், கழிவுப் படைத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் தடுத்தது. அதற்கு உயிரிழப்பே முதன்மைக் காரணம்; மலிவு இறக்குமதியால் விற்பனை இழந்த உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கும் அதில் ஆதாயம் இருந்தது.

ஏறும் கூலிச் செலவும் உற்பத்தியாளர்களை நெருக்கியது. ரெமிங்டன் 1948-இல் வெளியிட்ட 721, 722 மாடல்களும் 1962-இல் வந்த 700 மாடலும், உருளை எஃகிலிருந்து கடைந்த எளிய அமைப்பும் தகட்டுப் பாகங்களும் கொண்டு குறைந்த செலவில் செய்யப்பட்டன. வின்செஸ்டரும் 1964-இல் தன் 70, 94 மாடல்களை மலிவாகச் செய்யும்படி மாற்றியது. வாங்குபவர்கள் இதை ஏற்கவில்லை. பழைய துப்பாக்கிக் கடைகளில் 1964-க்கு முந்தையவை என்ற சொல்லே ஒரு தரச் சான்றாகி, பயன்படுத்திய துப்பாக்கிக்குப் புதியதைவிட அதிக விலை கேட்கும் நிலை உண்டானது. பட்டியலில் இல்லாத இந்த விலையை எந்த நிறுவனமும் நிறுவவில்லை.

இந்திய நடைமுறையுடன் ஒப்பீடு

இந்தியாவில் பட்டியல் விலை வேறு வடிவம் பெற்றது. 1969-ஆம் ஆண்டின் முற்றுரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குறைந்தபட்ச மறுவிற்பனை விலையை வணிகர்மீது சுமத்துவதைத் தடுத்தது. பொட்டலப் பொருட்களுக்கான 1977-ஆம் ஆண்டு விதிகளின் வழியாக, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிடும் நடைமுறை பின்னர் கட்டாயமானது. அமெரிக்க நியாய வணிகச் சட்டம் இதற்குக் கீழே விற்காதே என்று கடைக்காரரைக் காத்தது. இந்திய எம்.ஆர்.பி. இதற்கு மேலே விற்காதே என்று வாங்குபவரைக் காக்க முயல்கிறது. இரண்டிலும் விலையை முதலில் எழுதுவது உற்பத்தியாளரே. அதனால் அச்சிட்ட எண்ணை உயர்த்தி வைத்துத் தள்ளுபடி காட்டும் பழக்கம் இரு நாடுகளிலும் உண்டு.

இன்றைய நிலை

1911-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல் ஒரு தோல் பொருள் நிறுவனத்தின் வழக்கில் மாற்றியது. அதன்படி குறைந்தபட்ச விலை ஒப்பந்தம் கூட்டாட்சிச் சட்டத்தில் தானாகவே தவறாகாது. அதன் விளைவை ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான துப்பாக்கி, வீட்டு எந்திர உற்பத்தியாளர்கள் இப்போது பட்டியல் விலையைப் ‘பரிந்துரை விலை’ என்று அழைக்கின்றனர். பலர் குறைந்தபட்ச விளம்பர விலையையும் வகுக்கின்றனர். கடைக்காரர் எவ்வளவு குறைத்தும் விற்கலாம். குறைத்ததை விளம்பரத்தில் சொல்லக் கூடாது. பொருளைக் கூடையில் சேர்த்த பிறகே விலையைக் காட்டும் இணையக் கடைகள் இந்த விதியால் வந்தவை. 19-ஆம் நூற்றாண்டின் கழிவுத் தாளைப் போலவே, உண்மையான விலை இங்கும் கேட்டவருக்கு மட்டுமே தெரிகிறது.